எல்லா ஸ்டாப்பையும் இழுக்காதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் செய்யும் வேலை ஒன்று உண்டு. வேர்ட் தொகுப்பைத் திறந்து ஒரு பிறந்த நாள் அழைப்பிதழ் தயாரிப்போம். அதில் பத்து வகை எழுத்துருக்கள் இருக்கும். போல்ட், இட்டாலிக், அண்டர்லைன் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். கடைசியில் பிறந்த நாள் யாருக்கு, என்றைக்கு என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேவாலய ஆர்கன் முன்னால் முதன்முதலாக உட்காருகிறவர்களும் இதையே செய்கிறார்கள். கண்ணில் பட்ட ஸ்டாப்களை எல்லாம் இழுத்துவிட்டு வாசிக்கிறார்கள். சபையார் பாடுவது யாருக்கும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் பாடுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஆர்கனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பைப் ஆர்கன் உள்ள ஆலயங்கள் நம் ஊர்ப்பக்கம் மிகக் குறைவு. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் போன்ற சில இடங்களைச் சொல்லலாம். மற்ற ஆலயங்களில் எலெக்ட்ரானிக் கீபோர்டுதான். எனவே ஸ்டாப்களைத் தேர்ந்தெடுக்கும் கலையைக் கற்க நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அந்த வாய்ப்பை உங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் தர முடியும். ஞாயிறுதோறும் ஆலயத்தில் வாசிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஸ்டாப் என்றால் என்ன?

பைப் ஆர்கனில் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கும். ஒரே வகை ஒலி தரும் குழாய்களை ஒரு வரிசையாக அமைத்திருப்பார்கள். பொதுவாகக் கட்டைக்கு ஒரு குழாய். வாசிப்பவரின் இரு பக்கமும் உள்ள குமிழ்களே ஸ்டாப்கள். ஒரு குமிழை இழுத்தால் அந்த வரிசை பாடத் தயாராகும். உள்ளே தள்ளினால் அந்த வரிசைக்குக் காற்று போகாது. ஆர்மோனியத்தின் முன்பக்கம் உள்ள குமிழ்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் எழுதியிருக்கும். எண் என்பது அடிக்கணக்கு. 8 அடி என்றால், அந்த வரிசையின் மிகக் கீழ் ஸ்வரத்துக்கான திறந்த குழாய் ஏறத்தாழ 8 அடி நீளம் என்று பொருள். இது பியானோவில் அதே கட்டை தரும் ஸ்வரத்தையே தரும். 4 அடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். 2 அடி ஸ்டாப் இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும். 16 அடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். 8 அடியில் ஒரு கட்டை 440 ஹெர்ட்ஸ் தந்தால், அதே கட்டை 4 அடியில் 880, 2 அடியில் 1760, 16 அடியில் 220 ஹெர்ட்ஸ் தரும்.

பெயர்கள் ஏராளம். ஆனால் குடும்பங்கள் நான்குதான்.

1. பிரின்சிபல் அல்லது டயபேசன்: ஆர்கனின் சொந்தக் குரல். சபையார் பாட இதுவே அடிப்படை.

2. புளூட்: நம் புல்லாங்குழல் போல மென்மையானது.

3. ஸ்ட்ரிங்: மெல்லிய குழாய்கள். வயலின் சாயலில் ஒலிக்கும்.

4. ரீட்: பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலிப்பது. டிரம்பெட், ஓபோ போன்றவை இதில் அடங்கும். நாதஸ்வரம் போலக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும்.

இவை தவிர மிக்ஸ்சர் என்று ஒன்று உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் பல சிறு குழாய்கள் சேர்ந்து ஒலிக்கும். உணவில் உப்பு மாதிரி. உப்பை மட்டும் தனியாகச் சாப்பிட முடியாது.

ஒரே பட்டனில் சர்ச் ஆர்கன்

கடையில் கீபோர்டு வாங்கினால் அதில் 'சர்ச் ஆர்கன்' என்று ஒரு டோன் இருக்கும். அதை அழுத்தினால் போதுமே என்பார்கள். போதாது என்பதே என் கருத்து. அந்த டோன், யாரோ ஒருவர் முன்கூட்டியே கலந்து வைத்த கலவை. பெரும்பாலும் 8, 4, 2 அடி எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அதிலிருந்து ஒன்றை உங்களால் பிரித்து எடுக்க முடியாது. அடக்க ஆராதனைக்கும் அதே கலவை, கல்யாணத்துக்கும் அதே கலவை. உங்களால் செய்யக் கூடியது வால்யூமைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே.

ஆர்கன் வாசிப்பவரின் வேலையே அங்குதான் தொடங்குகிறது. பழைய மேதைகள் பலர் தங்கள் இசைத்தாள்களில் எந்த ஸ்டாப்பை இழுக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. பாக் (1685-1750) எழுதிய ஆர்கன் இசையிலும் அப்படிப்பட்ட குறிப்புகள் மிகக் குறைவு. ஆர்கனுக்கு ஆர்கன் ஸ்டாப்கள் மாறும். கட்டடத்துக்குக் கட்டடம் எதிரொலி மாறும். எனவே வாசிப்பவரின் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

பாக்கைப் பற்றி அவர் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் எழுதிய ஒரு செய்தி சுவையானது. புதிய ஆர்கன் ஒன்றைச் சோதிக்கும்போது பாக் முதலில் எல்லா ஸ்டாப்களையும் இழுத்து வாசிப்பாராம். இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். கவனியுங்கள். எல்லாவற்றையும் இழுத்தது காற்று போதுமா என்று சோதிப்பதற்கு.

கம்ப்யூட்டரில் ஆர்கன்

கிராண்ட்ஆர்கு என்ற சாப்ட்வேர் இலவசம். ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஹாப்ட்வெர்க் என்பது கட்டணம் செலுத்தி வாங்க வேண்டிய சாப்ட்வேர். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலாவதே போதும்.

இவை செயற்கையாக ஒலியை உருவாக்குவதில்லை. உண்மையான ஓர் ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து, அந்தப் பைல்களைத் தொகுத்திருப்பார்கள். இதற்கு சாம்பிள் செட் என்று பெயர். நீங்கள் கட்டையை அழுத்தினால் அந்தக் குழாயின் பதிவு ஒலிக்கும். ஆஸ்திரியாவின் ஃப்ரீசாக், ஸ்வீடனின் பூரியோ போன்ற ஊர்களின் ஆலய ஆர்கன்கள் இலவச சாம்பிள் செட்டாகவே கிடைக்கின்றன.

இணைப்பதும் எளிது. யு.எஸ்.பி. வழியாக மிடி அனுப்பும் 61 கட்டை கீபோர்டு ஒன்று இருந்தால் போதும். உங்கள் பழைய மியூசிக் கீபோர்டில் மிடி வசதி இருந்தால் அதுவே போதும். அதுவும் இல்லையா? திரையில் தெரியும் ஸ்டாப்களையும் கட்டைகளையும் மவுஸால் கிளிக் செய்து ஒலியை மட்டுமாவது கேட்டுப் பழகலாம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, தாமதம். கட்டையை அழுத்திய பிறகு ஒலி வரச் சற்று நேரம் பிடித்தால் வாசிக்கவே முடியாது. விண்டோஸில் ஏ.எஸ்.ஐ.ஓ. வகை டிரைவரைப் பயன்படுத்துங்கள். ஆடியோ செட்டிங்கில் பபர் அளவைக் குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பபர் என்றால் அது மட்டுமே சுமார் 23 மில்லி விநாடி தாமதம். 256 என்றால் சுமார் 6 மில்லி விநாடி. மிகவும் குறைத்தால் ஒலி வெட்டி வெட்டி வரும். அப்போது ஒரு படி கூட்டிக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, ராம் மெமரி. சாம்பிள்கள் ராமில் ஏற்றப்படுகின்றன. பெரிய ஆர்கன் என்றால் 16 அல்லது 32 ஜி.பி. கூடக் கேட்கும். என் ஆலோசனை, பெரிய செட்டைத் தேடி ஓட வேண்டாம். பத்து, பன்னிரண்டு ஸ்டாப்கள் உள்ள சிறிய ஆர்கனை டவுன்லோட் செய்யுங்கள். எண்பது ஸ்டாப் உள்ள ஆர்கனில் நீங்கள் பெயர்களை மட்டுமே படிப்பீர்கள். பத்து ஸ்டாப் உள்ள ஆர்கனில் ஒவ்வொன்றின் குரலும் மனதில் பதியும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் வாரம் ஒரே ஒரு ஸ்டாப்பை மட்டும் இழுத்து ஒரு பாட்டை வாசியுங்கள். பிறகு அடுத்த ஸ்டாப். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகே இரண்டைச் சேருங்கள்.

சேர்க்கும்போது என் முதல் விதி இது: பக்கவாட்டில் சேர்க்காதீர்கள், மேல் நோக்கிச் சேருங்கள். 8 அடி ஸ்டாப்கள் நான்கை ஒன்றாக இழுத்தால் ஒலி தடிக்கும், தெளிவு போகும். அதற்குப் பதில் பிரின்சிபல் 8, அதன் மேல் 4, அதன் மேல் 2 என்று அடுக்கினால் ஒலி தெளிவாகக் கடைசி பெஞ்ச் வரை போகும். சபையார் பாடுவதற்கு வேண்டியது இந்தத் தெளிவுதான்.

பல ஊர் ஆலயங்களுக்கும் தெரிந்த 'ஓல்ட் ஹண்ட்ரட்' டியூனை எடுத்துக் கொள்வோம். 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த டியூன் இது. நான்கு சரணம் பாடுவதாக இருந்தால் நான் இப்படி வைத்துக் கொள்வேன்.

முன்னிசைக்கும் முதல் சரணத்துக்கும் பிரின்சிபல் 8, 4. பெடலில் 16, 8. இரண்டாம் சரணத்தில் 2 அடியைச் சேர்ப்பேன். மூன்றாம் சரணம் ஜெபமாக இருந்தால் புளூட் 8, 4 மட்டும் போதும். கடைசிச் சரணத்துக்குப் பிரின்சிபல் 8, 4, 2 உடன் மிக்ஸ்சர். டிரம்பெட்டைப் பண்டிகை நாளுக்கு வைத்துக் கொள்வேன். வாரா வாரம் டிரம்பெட் கேட்டால் கிறிஸ்துமஸுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

கீர்த்தனைகளுக்கு இந்த அடுக்கு பொருந்தாது. பாமாலைப் பாட்டுகள் மேற்கத்திய டியூன்கள். நான்கு குரலில் மெதுவாக நகர்பவை. கீர்த்தனையில் ஸ்வரங்கள் விரைந்து ஓடும், வளையும். மிக்ஸ்சரில் பஞ்சம ஸ்வரங்களும் சேர்ந்தே ஒலிப்பதால் ராகத்தின் உருவம் கலைந்துவிடும். ஒரு புளூட் 8 அல்லது ஒரு பிரின்சிபல் 8 போதும்.

செலஸ்ட் என்ற ஸ்டாப் சற்றே சுருதி விலக்கி வைக்கப்பட்ட குழாய்களால் அலை அலையாக ஒலிக்கும். திருவிருந்து நேரத்தில் மெல்ல வாசிக்க அழகாக இருக்கும். ஆனால் சபை பாடும்போது வேண்டாம். எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

எதையுமே இழுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். கத்தோலிக்க முறையில் புனித வியாழன் வானவர் கீதத்துக்குப் பிறகு பாஸ்கா திருவிழிப்பில் அது மீண்டும் பாடப்படும் வரை, பாடுவோருக்குத் துணையாக மட்டுமே ஆர்கனை வாசிக்கலாம். அந்த மௌனத்துக்குப் பிறகு ஆர்கன் முழங்கும்போது, ஈஸ்டர் வந்துவிட்டது என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை.

இது உண்மையான ஆர்கன் ஆகுமா?

ஆகாது. குழாய்கள் ஒரு பெரிய கட்டடத்தின் காற்றை அசைப்பது போல மேஜை ஸ்பீக்கர் அசைக்காது. பல சாம்பிள் செட்களில் அந்த ஆலயத்தின் எதிரொலியும் சேர்ந்தே பதிவாகி இருக்கும். ஹெட்போனில் கேட்க அது அருமை. அதையே எதிரொலி உள்ள உங்கள் ஆலயத்தில் ஒலிக்க விட்டால் இரண்டு எதிரொலியும் மோதிக் குழம்பும். அங்கே எதிரொலி குறைவாகப் பதிவு செய்த செட்டே நல்லது. இன்னொன்று, வாசிக்கும் இடத்தில் கேட்பது வேறு, பெஞ்சில் கேட்பது வேறு. மொபைல் போனைப் பின் வரிசையில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் தேர்வு சரியா என்று அது சொல்லிவிடும்.

ஆனால் கற்பதற்கு இது போதும். காலையில் ஐந்தரை மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மாணவன் பிரின்சிபலுக்கும் புளூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுப் பழக முடிகிறது. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. ஆலயத்தின் சாவிக்காக யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று பல ஆலயங்களில் மூத்த ஆர்கனிஸ்ட் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் உட்கார ஆள் இல்லை. அங்கே கீபோர்டின் ரிதம் பட்டன் உட்கார்ந்துவிடுகிறது. சபை அந்தத் தாளத்தின் பின்னால் ஓட வேண்டியதாகிறது. சபை மூச்சு விடும் இடத்தில் காத்திருக்க ரிதம் பட்டனுக்குத் தெரியாது.

வீட்டில் கம்ப்யூட்டரும் ஒரு கீபோர்டும் இருந்தால் இந்த வாரமே தொடங்குங்கள். பிரின்சிபல் 8 ஒன்றை மட்டும் இழுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றை முழுவதும் வாசியுங்கள். கூடவே வாய்விட்டுப் பாடுங்கள். உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அடுத்த ஸ்டாப்புக்குப் போகலாம்.