அடக்கும் அணுக்கள் குறைந்தால்...

"எதிர்ப்பு சக்தி அதிகமானதாலேதானே டாக்டர், உடம்பே என் தைராய்டைத் தாக்குது?" என்று சகோதரிகள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. அந்தச் சக்தியை அடக்கி வைக்கும் அணுக்கள் குறைந்தாலும் இப்படி ஆகலாம் என்றால் நம்ப மாட்டேங்கறாங்க!

1969-ல் ஜப்பானில், பிறந்து 3 நாளான சுண்டெலிகளின் மார்புக்குள் உள்ள தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்தார்கள். பெண் எலிகளின் சினைப்பை அழிந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. தாக்கும் அணுக்கள் முதலில் கிளம்பிவிடும். அடக்கும் அணுக்கள் பின்னால்தான் வரும். அதற்குள் சுரப்பி போய்விட்டால் கண்டிக்க ஆளேது? எலியின் ரகத்தைப் பொறுத்து சிலதுக்கு இரைப்பை, சிலதுக்குத் தைராய்டு. அந்த அணுக்களை 1995-ல் அடையாளம் காட்டிய சகாகுச்சி, 2025-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

குழந்தைகளுக்கும் இது அபூர்வமாக உண்டு. ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதானால் ஆண் குழந்தைக்குச் சில மாதத்திலேயே நிற்காத வயிற்றுப்போக்கு, ஆறாத கரப்பான், சர்க்கரை நோய் வரும். பழுது அம்மா வழியாக வந்தாலும் அவளுக்கு ஒன்றும் இராது. (அதுக்காக மருமகளைக் கரிச்சுக் கொட்டாதீங்க!) பால் ஒத்துக்கலைன்னு டப்பா மாற்றிக் கொண்டிராமல், குழந்தை டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்றிக் குணமான பிள்ளைகள் உண்டு.