42 நாள் நாற்காலிக்கு மட்டுமா?

உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு 30 நாளாக இருந்த சிறப்புத் தற்செயல் விடுப்பை 42 நாளாக உயர்த்தி 2023 ஏப்ரலில் ஆணை வந்தது. வரவேற்காதவர் இல்லை; நாமும் வரவேற்றோம். அன்றைக்கே எழுந்த கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை. அப்பாவுக்குக் கிட்னி கொடுத்த பிள்ளை மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தால்தான் தையல் வலிக்குமா? நம் புதுச்சேரியின் சேதராப்பட்டு கம்பெனியில் கான்ட்ராக்டில் நிற்பவனுக்கு, பாகூரில் கரும்பு வெட்டுபவனுக்கு, வில்லியனூரிலிருந்து சித்தாள் வேலைக்குப் போகும் மகளுக்கு வலிக்காதா?

ஆணையை எழுதியவர்களுக்கு விவரம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எந்த உறுப்பை எடுத்தாலும் அது பெரிய அறுவைசிகிச்சை, தேறி எழ நாளாகும் என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேரும் நாளிலிருந்து ஒரே தொடராக எடுக்க வேண்டும், தேவையென்றால் ஒரு வாரம் முன்பே தொடங்கலாம் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். ஃபைல் புரட்டும் உடம்பைவிட சிமென்ட் மூட்டை தூக்கும் உடம்புக்குத்தான் ஓய்வு கூடுதலாக வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. கிட்னி கொடுத்தவர் சில வாரங்களுக்குக் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். அலுவலக ஊழியருக்கு அது அறிவுரை. கொத்தனாருக்கு அது வேலைநீக்கம்.

அந்த 42 நாளுக்கு முன்னால் நடப்பதையும் கொஞ்சம் பார்ப்போம். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், முறைக்கு நான்கு மணி நேரம். வீட்டில் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்கிறார்கள்; தாகம் தாங்காத மதியத்தில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு திண்ணையில் கிடப்பார். மகன் தானே தருவதாகச் சொல்கிறான். ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், ஸ்கேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்த பிளாஸ்டிக் கேனை மஞ்சள் பையில் மறைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு நாள். பிறகு, இவன் அவருடைய மகன்தான் என்று நிரூபிக்கும் படலம். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று. திருத்தி வாங்க இன்னும் இரண்டு நாள். போன நாளெல்லாம் கூலி போன நாள். கத்தி படுவதற்கு முன்பே அந்தக் குடும்பம் கடனில் நிற்கிறது.

அறுவைசிகிச்சை முடிந்தபின் அப்பா ஒரு வார்டில், பிள்ளை ஒரு வார்டில். இரண்டுக்கும் நடுவே பிளாஸ்க்கோடு ஓடும் அம்மா யாருடைய வருகைப் பதிவேட்டிலும் இல்லை. இந்த நாட்டில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு யார் எந்த விடுப்பை அனுமதித்தார்கள்? 2022 டிசம்பரில் சிங்கப்பூரில் லாலு பிரசாத்துக்கு மகள் சிறுநீரகம் கொடுத்தபோது நாடே நெகிழ்ந்தது. நெகிழ வேண்டியதுதான். வில்லியனூர் மகளுக்கோ அடுத்த வாரமே மேஸ்திரியிடமிருந்து போன் வரும்.

இழந்த கூலியைக் கொடுத்தால் உறுப்பை விலைக்கு வாங்கியதாகிவிடுமே என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமே, உறுப்பு கொடுத்ததால் ஒருவருக்கு நேர்ந்த நியாயமான செலவையும் வருமான இழப்பையும் ஈடுசெய்வது விலையாகாது என்று விலக்கு அளிக்கிறது. வாசல் 30 ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்தே கிடக்கிறது. நுழைந்தது அரசு ஊழியர் மட்டும். மாற்றுக்குப் பிந்தைய மருந்துக்கு ஏழைகளுக்கு மாதம் 10,000 ரூபாய்வரை தேசியத் திட்டத்தில் உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வாங்கியவருக்கு. கொடுத்தவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு?

அரசு மேசைகளின் வேகம் நமக்குப் புதிதல்ல. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையும் நெருங்கிய உறவுதான் என்று சட்டத்தில் சேர்க்கவே 1994லிருந்து 2011வரை ஆயிற்று. இறந்தவரின் உறுப்புக்குப் பதிய 65 வயது வரம்பும், சில மாநிலங்களில் இருப்பிடச் சான்றும் 2023 பிப்ரவரிவரை குறுக்கே நின்றன. வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் என்று கிடக்கும் பாகூர் ஊர்களில் இருப்பிடச் சான்று என்றால் என்ன பாடு என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்! ஆனால் மத்திய அரசின் அதே ஜிப்மரில் பதிவேட்டுக்கு இந்தி வேண்டும் என்று 2022இல் சுற்றறிக்கை விட நேரம் இருந்தது. 2024 ஜனவரி 22 அன்று, அயோத்தி ராமர் கோயில் விழாவுக்காக அங்கே அரைநாள் விடுமுறை அறிவித்தார்கள்; விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. விழாவுக்கு விடுப்பு தரத் தெரிந்தவர்கள்!

உள்ளூர் மேசைகளும் சளைத்தவை அல்ல. ரேஷன் கடைகளை மூடி, அரிசிக்குப் பதில் பணம் என்றார்கள், 2024இல்தான் திறந்தார்கள். ஏஎஃப்டி துணி மில்லை 2020இல் இழுத்து மூடினார்கள். மில் வேலையில் குறைந்தபட்சம் லீவு என்ற சொல்லாவது இருந்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஒப்பந்தக்காரரின் வேனில் போகிறார்கள். அரியூரிலும் கிருமாம்பாக்கத்திலும் வயலுக்கு நடுவே மருத்துவக் கல்லூரிகள் எழும்பி நிற்கின்றன. கட்டடத்துக்குக் குறைச்சல் இல்லை; உறுப்பு கொடுப்பவரின் கூலிக்குத்தான் வழி இல்லை.

நல வாரியம் வழியாகவோ, மருத்துவ உதவி நிதி வழியாகவோ, வேறு எந்த வழியாகவோ, உறுப்பு கொடுக்கும் கூலிக்காரருக்கும் அந்த 42 நாள் கிடைத்தாக வேண்டும். வழியைத் தேடுவது சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை.

கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு, ஆணை போட்டவர்கள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வில்லியனூருக்கு வரட்டும். ஆளேற்றும் வேனுக்குப் பக்கத்தில் நின்று மேஸ்திரியிடம் அதைக் காட்டட்டும். அவர் என்ன சொல்கிறார் என்பதையும் ஆணையில் சேர்த்துக்கொள்ளலாம்.