நான் பத்தியம் இருப்பது ஏன்?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்துப் பந்தியில், சர்க்கரைப் பொங்கல் வாளி என் இலையருகே வந்ததும் நான் கையால் இலையை மறைத்துக்கொண்டேன். பரிமாறியவர் வயதில் மூத்தவர். இவ்விழாவைப் பல்லாண்டுகளாகத் தோளில் சுமந்து வருபவர். அவர் முகம் வாடிற்று. "ஊரை விட்டு வந்த நமக்கு மிஞ்சியிருப்பது இந்த ருசி ஒன்றுதான், தம்பி. அதையும் வேண்டாம் என்கிறீர்களே!" என்றார். பந்தியில் அமர்ந்தபடி அவருக்கு விடை சொல்ல எனக்கு நாவெழவில்லை. அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்ட அன்பர்கள் இன்னும் பலர். அனைவருக்குமாக இம்மாதம் இப்பகுதியில் விடை கூற முயல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விடாத காய்ச்சல் ஒன்றுக்காக இரத்தம் சோதித்தபோது எனக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினாலே அதனை நீரிழிவு எனக் கொள்வர். எனக்கு 168 இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 6.5 சதவீதம் எல்லைக்கோடு, எனக்கு 8.4. அப்போது எனக்கு வயது 35.

அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியதும் என் கண்முன் நின்றவர் என் தந்தையார். அவருக்கும் இதே நோய். "வாயைக் கட்டி வாழ்வதும் ஒரு வாழ்வா?" என்பார். செருப்புக் கடித்த சிறு புண்தான், ஆறவில்லை. முதலில் விரல் போயிற்று. பிறகு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. நான் பள்ளி இறுதித் தேர்வு தேறிய ஆண்டு அது. மேற்படிப்பு என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. உத்தியோகம் தேடலானேன். அவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. வீட்டுத் தலைவனின் நாவு செய்யும் பிழைக்கு வீடு முழுவதும் விலை கொடுக்க நேரும் என்பதை அறிந்தவன் நான். என் மகளுக்கு இன்று வயது ஒன்பது. அவள் பள்ளி இறுதி எழுதும் ஆண்டில் நான் எந்நிலையில் இருப்பேன்? நான் பத்தியம் பூண்டதற்கு முதற்காரணம் இதுவே.

வைத்தியர் மாத்திரை எழுதித் தந்து, உணவையும் திருத்திக்கொள்ளச் சொன்னார். நானோ ஆத்திரக்காரன். யாரோ சொன்னதைக் கேட்டு, பச்சைக் காய்கறியும் முளைகட்டிய பயறும் தவிர வேறொன்றும் உண்பதில்லை என்று சபதம் செய்தேன். பத்தாம் நாள் ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்துப் படியில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று வைத்தியர் கடிந்துகொண்டார்.

இவ்விஷயத்தில் மகாத்மா காந்தியே ஒரு பாடம் கற்றிருக்கிறார். 1929-ல் அவர் அடுப்பேற்றாத உணவைச் சோதித்துப் பார்த்தார். முளைகட்டிய கோதுமை, பச்சைக் கீரை, பாதாம் முதலியவையே ஆகாரம். சில மாதங்களில் சீதபேதி கண்டது, சோதனையைக் கைவிட்டார். மறைக்காமல் அதனைத் தம் பத்திரிகையிலும் எழுதினார். மனவுறுதியில் அவருக்கு நிகராவார் யார்? அவருக்கே உடல் ஒரு வரம்பைக் காட்டிற்று. நம் போன்றோர் வைத்தியரைக் கேளாமல் சபதம் செய்வது விவேகமாகாது.

நிற்க. இப்போது நான் மேற்கொண்டிருக்கும் பத்தியம் எளியது. தீட்டிய வெள்ளரிசி, மைதா, சர்க்கரை, பொட்டலத்தில் வரும் தின்பண்டம், புட்டியில் வரும் பானம் ஆகிய ஐந்தையும் விலக்கினேன். தவிடு நீங்காத தானியம், பருப்பு, கீரை, காய், மோர், நிலக்கடலை ஆகியவற்றைக் கொண்டேன். தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு பருப்பு அல்லது சுண்டல். எஞ்சிய கால் பங்குதான் தானியம். சிறுதானியமாயினும் மாவுச்சத்து மாவுச்சத்தே. குவித்து உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும்.

இதில் வியப்பு என்னவென்றால், ஜனக்புரியில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. குளிர்காலத்தில் மளிகைக் கடையில் 'பாஜ்ரா' என்று விற்பது நம் கம்புதான். நவராத்திரி விரதத்திற்கென வடநாட்டார் வாங்கும் 'சாமக்' அரிசி நம் குதிரைவாலியே. வாரச் சந்தையில் வெந்தயக்கீரை கட்டுக் கட்டாகக் குவிந்து கிடக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இவற்றைக் கடந்து சென்று, வெள்ளரிசி மூட்டையையும் காப்பிப் பொடியையும் மட்டும் 'நம் ஊர்ச் சாப்பாடு' எனத் தூக்கி வந்தவன் நான்!

குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் பிரிட்டிஷ் வைத்தியர் 1920-களில் செய்த சோதனை ஒன்று இங்கே கூறத் தக்கது. இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடையுடன் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை முதன்மையாகவும் பாலை மிகச் சிறிதாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை 155 கிராமுடன் கடைசியில் நின்றன. எலி மனிதனாகாது, எடை ஒன்றே ஆரோக்கியமும் ஆகாது. ஆயினும் 'ரொட்டி தின்னும் ஊரில் அகப்பட்டுக்கொண்டோமே' என்று அலுத்துக்கொள்ளும் நாம் சற்றுச் சிந்திக்கலாம். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் 1930-களில் வார்தாவிலிருந்து தீட்டாத அரிசிக்காக வாதாடியவரே.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2019-ல் அமெரிக்காவில் 20 பேரை ஓரிடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைப் பண்டங்களையும் இரண்டு வாரம் இயல்பான உணவையும் அளித்தனர். பரிமாறிய உணவில் கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் சமமாகவே இருந்தன. விரும்பியமட்டும் உண்ணலாம் என்பது ஏற்பாடு. ஆலைப் பண்டங்களை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டு எடை கூடினர். பசி நம் கையில் இல்லை. கடையில் எதை வாங்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

பயன் என்ன என்று கேட்பீர்கள். 84 கிலோவாக இருந்த எடை 75 ஆயிற்று. 8.4 என்ற கணக்கு 6.7-க்கு இறங்கிற்று. இரண்டு மாத்திரையில் ஒன்றை வைத்தியரே நிறுத்தினார். மற்றொன்று தொடர்கிறது. நோய் போய்விட்டது என்று நான் கூறவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதம் எனக்கெனத் தனிச்சமையல் செய்து என் மனைவி களைத்துப்போனாள். "பத்தியம் உங்களுக்கு, தண்டனை எனக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றுமுதல் வீட்டில் ஒரே உலை. நால்வருக்கும் ஒரே உணவு. காய் நறுக்குவது என் வேலை. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் கம்பங்கூழை ஒரு வாய் உண்டுவிட்டு, "எங்கம்மா கையால் தின்றது" என்று சொல்லிச் சிறிது நேரம் பேசாதிருந்தார். நம் ஊர் ருசி என்பது நான் எண்ணியதைவிடப் பழையது என்று அப்போது உணர்ந்தேன்.

ஆதலால், விழாவில் மனம் நொந்த பெரியவருக்கு என் விண்ணப்பம்: ருசியை நான் வேண்டாம் என்னவில்லை, ஐயா. அடுத்த பொங்கலில் சர்க்கரைப் பொங்கல் வாளியை நானே ஏந்திப் பரிமாறுகிறேன். பக்கத்தில் குதிரைவாலி வெண்பொங்கல் வாளி ஒன்றும் வரட்டும். நம் பந்தியில் என்னைப் போல இலையை மறைப்போர் இன்னும் சிலர் இருக்கக் கூடும். அவர்களும் வயிறார உண்டு எழட்டும்.