சூரியனுக்கு விழும் வாக்கு பானைக்கு விழுமா?

கூட்டணி சேர்ந்தால் வாக்குகளும் சேர்ந்துவிடும் என்பது தலைவர்களின் கணக்கு. ஊருக்கும் சேரிக்கும் பொதுவான வாக்குச்சாவடியில் அந்தக் கணக்கு அப்படியே பலிப்பதில்லை.

2019 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். திமுக கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு இரண்டு தனித்தொகுதிகள். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார், 1.28 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சிதம்பரத்தில் திருமாவளவன் பானையில் நின்றார்; கிடைத்த வித்தியாசம் 3,219. ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே அலை.

விழுப்புரத்தில் எதிரே நின்றது பாமக, சிதம்பரத்தில் அதிமுக. எனவே முழு வித்தியாசத்தையும் சின்னத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் தனித்தொகுதியில் எல்லா வேட்பாளர்களும் தலித்துகள்தானே? அப்படியானால் சாதி இந்து வாக்காளருக்கு உறுத்துவது தலித் வேட்பாளர் அல்ல, தலித் தலைமையிலான கட்சி. பெரிய கட்சியின் சின்னத்துக்குள் அடங்கி வந்தால் வாக்கு உண்டு. சொந்தச் சின்னத்தோடு வந்தால் கை தயங்குகிறது. நம் வாக்கோ எந்தச் சின்னத்தைக் காட்டினாலும் சிந்தாமல் போய்ச் சேருகிறது.

"2024இல் இரண்டு தொகுதியிலும் பானைதானே வென்றது?" என்பீர்கள். உண்மை. சிதம்பரத்தில் வித்தியாசம் 1,03,554. ஆனால் அம்முறை அதிமுகவும் பாஜகவும் தனித்தனியே நின்றன. இருவரின் வாக்குகளையும் கூட்டினால் திருமா வாங்கியதைவிட அதிகம். எதிரணி உடைந்ததை, ஊர் மனம் மாறியதாக எண்ணிவிடக் கூடாது.

அதற்காகக் கூட்டணியே வேண்டாம் என்பதல்ல. 2016இல் மக்கள் நலக் கூட்டணி ஓர் இடம்கூட வெல்லவில்லை. காட்டுமன்னார்கோயிலில் 87 வாக்குகளில் தோற்றோம். கூட்டணி வேண்டும், கண்மூடித்தனம் வேண்டாம்.

தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை. வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20இல் இருக்கின்றன; தேர்தல் ஆணையமே வெளியிடுகிறது. புவனகிரி, குன்னம், ஜெயங்கொண்டம் தொகுதிகளில் 2021இல் உதயசூரியன் நின்றது. 2024இல் அங்கே பானை நின்றது. ஊர்த்தெரு வாக்குச்சாவடிகளில் சூரியனுக்கு எவ்வளவு, பானைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். சேரி வாக்குச்சாவடிகளையும் அப்படியே எழுதுங்கள்.

அடுத்த தொகுதிப் பங்கீட்டில், "உங்களுக்கு எங்கள் வாக்கு வந்தது, எங்களுக்கு உங்கள் வாக்கு எங்கே?" என்று கேட்க அந்தத் தாள் நம் கையில் இருக்க வேண்டும்.