சவாசனம் போடுங்க, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க

1/ போன வாரம் ஓபியில் ஒரு அக்கா. பிரஷர் 180/110. "மாத்திரையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு டாக்டர். தினமும் சவாசனம் செஞ்சா போதும்னு வீடியோல சொன்னாங்க" என்றார்.

2/ சவாசனத்தை நான் குறை சொல்லவில்லை. 1969லேயே பம்பாயில் டாக்டர் தாத்தே குழுவினர் ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, பலருக்குப் பிரஷர் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அமைதியாகப் படுத்து மெதுவாக மூச்சு விடும்போது இதயத்துடிப்பு நிதானமாகும், இறுகிய தசைகள் தளரும்.

3/ ஆனால் இது மாத்திரைக்குத் துணை மட்டுமே. மனசு லேசாக இருக்கும், பிரஷர் ஏறியே இருக்கும், வெளியே தெரியாது. ஒருநாள் பக்கவாதமாக வந்து நிற்கும்.

4/ பாயில் மல்லாந்து படுங்க. கால்களை அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைங்க. பாதம் முதல் தலை வரை ஒவ்வொன்றாகத் தளர விடுங்க. 10 நிமிடம் போதும். ஒருக்களித்து மெதுவாக எழுங்க. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

5/ சாப்பிட்டதும் வேண்டாம். நிறைமாத கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்க.

6/ நாள் முழுக்க அந்த அக்காவுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு அந்தப் பத்து நிமிடம்தானாம். அதை விடச் சொல்ல மனசு வரவில்லை. "அதையும் செய்யுங்க, இதையும் போடுங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

7/ அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். நீங்களா நிறுத்தாதீங்க. குறைக்கணுமா, எங்களிடம் கேளுங்க.