நேத்து வரை ஓடிய டீசல் கார், ரிப்பேருக்குப் பிறகு ஏன் படுத்துடுது? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு, இன்ஜெக்டரும் சர்வீஸ் ஆயாச்சு. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட் ஆன வண்டி, மறுநாள் காலையில் செல்ஃப் மட்டும் அடிக்குது, இன்ஜின் பிடிக்கல. ஃபோன் போட்டால், "பம்ப் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்று பதில் வருகிறது. அந்த இடத்தில் 'சரி' சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நேற்று வரை நன்றாக இருந்த பம்ப், ஃபில்டர் மாற்றிய அன்றே எப்படிப் போகும்?

அப்படி நடக்கவே நடக்காது என்றில்லை. ஆனால் ரிப்பேருக்குப் பின் வரும் புதுக் கோளாறுக்கு, கை வைத்த இடம்தான் முதல் சந்தேகம்.

முதல் எதிரி காற்று

இப்போதைய டீசல் கார்களில் இருப்பது காமன் ரெயில் சிஸ்டம். ஹை பிரஷர் பம்ப் டீசலை அழுத்தி ரெயில் என்ற குழாயில் தேக்கி வைக்கும். அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் போகும். ஓட்டத்தில் இந்த அழுத்தம் 1,000 பாரையும் சாதாரணமாகத் தாண்டும். ஸ்டார்ட் ஆகவே குறைந்தபட்ச அழுத்தம் ஒன்று வேண்டும். அது வராவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது.

ஃபில்டரைக் கழற்றியதும் லைனுக்குள் காற்று நுழைந்துவிடும். டீசலை அழுத்துவது போல காற்றை அழுத்த முடியாது, அது சுருங்கிக்கொள்ளும். அதனால் பிரஷர் ஏறாது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்கிறார்கள். ஹேண்ட் பம்ப் இருந்தால் அதை அடித்தும், டேங்க்குக்குள் மோட்டார் இருந்தால் சாவியைச் சில முறை ஆன் செய்தும் காற்றை வெளியேற்ற வேண்டும்.

அதை விட்டுவிட்டு, ஸ்டார்ட் ஆகும் வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீங்க. ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் ஆயில். டீசல் இல்லாமல் சுற்றினால் உள்ளே தேய்ந்து உலோகத்தூள் கிளம்பும். அது இன்ஜெக்டர் வரை போகும். சின்ன வேலை பெரிய செலவாவது இப்படித்தான்.

அறிகுறி என்ன சொல்லுது?

● ராத்திரி நிறுத்தினால் காலையில் மட்டும் ஸ்டார்ட்டிங் ட்ரபிள்: ஃபில்டர் ஓ-ரிங், ஹோஸ் கிளிப் பாருங்கள். பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே காற்று உள்ளே போகும்.

● புது இன்ஜெக்டர் போட்டதும் ஐட்லிங்கில் ஆட்டம், 'டக் டக்' சத்தம்: பல மாடல்களில் ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஒரு கோடு இருக்கும். ஸ்கேனர் மூலம் அதை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றினார்களா என்று கேளுங்கள்.

● இன்ஜெக்டர் பக்கம் 'சக் சக்' சத்தம், புகை நாற்றம், கறுப்புப் படிவு: அடியில் இருக்கும் காப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை. பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கலாம்.

● பிக்கப் இல்லை, கரும்புகை: வேலைக்காகக் கழற்றிய டர்போ ஹோஸ், சென்சார் கப்ளர் திரும்ப மாட்டப்பட்டதா?

இதெல்லாம் சரியாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால், ஸ்கேனரில் ரெயில் பிரஷர் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வருது என்று அளக்கும் ரிட்டர்ன் டெஸ்ட்டும் உண்டு. இந்த இரண்டையும் பார்க்காமல் பம்ப் மாற்றுவது, ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஆபரேஷன் செய்வது மாதிரி.

நீங்களே கை வைக்கலாமா?

கண்ணால் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தொடவோ, லூஸ் பண்ணவோ கூடாது. ஒழுகுதா என்று விரலை வைத்தும் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும். உள்ளே காயம் பெரிதாக இருக்கும். வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பில் வாங்குங்க, பழைய பார்ட்ஸும் வாங்குங்க

பழக்கப்பட்ட மெக்கானிக்கிடம் பில் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் என்ன வேலை, எந்த பார்ட், எத்தனை நாள் வாரண்டி என்று எழுத்தில் இல்லாவிட்டால் பின்னால் பேச எதுவும் இருக்காது. காசு கொடுத்துச் செய்த ரிப்பேர் சரியில்லை என்றால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவரும் பார்ட்ஸ் கடைக்குப் போவதற்கு முன் ஓ-ரிங்கைத்தான் பார்ப்பார். "மாத்திடலாம்" என்பவரிடம் "எதை டெஸ்ட் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், பர்ஸைத் திறக்க வேண்டாம்.