பாணனுக்குப் பெயரில்லையா?

மரக்காணம் உப்பளங்களைக் கடக்கும்போதெல்லாம் நமக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வரும். அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர் பலர். கொடுத்த நல்லியக்கோடனின் பெயரை அறிவோம். நூல் செய்த நத்தத்தனாரின் பெயரையும் அறிவோம். யாழோடு நடந்த பாணனுக்குத்தான் பெயரில்லை.

அவ்வழக்கம் இன்னும் ஓயவில்லை. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாட்டின் ஊற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அதைக் கொண்டாடிய 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அவர் இல்லை. 2022 ஜூலையில், சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அது ஒலித்தபோதும் அவர் இல்லை.

அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார் என்றனர். இதழும் பின்னர் அவருக்குத் தனி அட்டை தந்தது. இருக்கட்டும். கண்டனம் எழுந்தபின் கிடைக்கும் இடத்துக்கு மரியாதை என்றா பெயர்? மெட்டில் எவர் பங்கு எவ்வளவு என்ற வழக்கில் நாம் தீர்ப்புரைக்க வரவில்லை. சொற்கள் எவருடையவை என்பதில் ஐயமே இல்லை.

அச்சொற்களைக் கவிதையென ஏற்கத் தயங்கிய இலக்கிய வாசகராகிய நமக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. 2024-ல் அறிவு தம் பாடல் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார். பாட்டியை அவர் மறக்கவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். உப்பை விளைவித்தவரை எப்போது நினைக்கப் போகிறோம்?